ஜித்தாவுக்கு ஆறு மணி நேரம், சென்னைக்கு?

ஹஜ் விளக்க வகுப்புகளில் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. அது தவாஃபைப் பற்றியதோ குர்பானியைப் பற்றியதோ அல்ல. "ஹஜ்ரத், விமானத்துல எவ்வளவு நேரம் இருக்கணும்?" என்பதுதான் அது. சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேரடி விமானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஆகும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது நம் வழக்கம்.

இந்த முறை அப்படிப் போக முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து மனைவியுடன் வந்திருந்த, எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஆறு மணி நேரம் உக்காந்து போயிரலாம் ஹஜ்ரத். இங்க இருந்து மெட்ராஸ் போய்ச் சேர்றதுதான் எங்களுக்கு மலையா இருக்கு" என்றார். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி. ரயில் பெட்டிப் படியில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். அவருக்கோ சர்க்கரை நோய், இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பார்த்த கணக்கு நம்மையே திகைக்க வைத்தது.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஜித்தா நேர்கோட்டில் சுமார் 4,300 கி.மீ. சென்னையிலிருந்து ஜித்தா சுமார் 4,440 கி.மீ. அதாவது நம் பகுதி ஹாஜி ஒருவர் ஊரில் துஆ ஓதி, சங்கரன்கோவிலில் ரயில் ஏறி, ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து சென்னையில் இறங்கும்போது, ஊரில் நின்றதைவிட நூறு கி.மீக்கும் மேல் ஜித்தாவிலிருந்து விலகித்தான் நிற்கிறார். சுமார் 600 கி.மீ தரைவழிப் பயணமும் எதிர்த்திசையில் போனதுதான். பின்னர் விமானம் அவரை மறுபடி மேற்கே தூக்கிக்கொண்டு போகிறது.

தென்காசி மாவட்டம் மட்டுமல்ல, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். தமிழ்நாட்டில் ஹஜ் கமிட்டி மூலம் செல்வோருக்கு உள்ள ஒரே புறப்பாட்டு மையம், அதாவது எம்பார்கேஷன் பாயிண்ட், சென்னைதான்.

பொதிகை எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை எழும்பூர். சுமார் பதினோரு மணி நேரம். கீழ்ப் படுக்கை கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ், கிடைக்காவிட்டால் யாரிடமாவது கெஞ்ச வேண்டும். விமானம் கிளம்பும் நாளன்று போய் இறங்கினால் போதாது. பாஸ்போர்ட், கைவளையம், அடையாள அட்டை எல்லாம் வாங்குவதற்காக ஓரிரு நாள் முன்பே முகாமுக்கு வரச் சொல்வார்கள். வழியனுப்ப மகன், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஐந்தாறு பேராவது கூட வருவார்கள். அவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, ஆட்டோ, திரும்பிவர டிக்கெட். ஹஜ் கமிட்டிக்குக் கட்டிய பணத்தின் ரசீதில் இந்தச் செலவு எதுவும் வராது. ஆனால் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு இருபது வருடம் சேமித்த குடும்பத்துக்கு இந்தச் செலவு தனியாக வலிக்கும்.

இந்த இடத்தில் விமான நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். குடும்பங்களில் இது பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 8 மணிக்குச் சென்னையில் கிளம்பிய விமானம் ஆறு மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணி, ஜித்தா கடிகாரத்தில் காலை 11.30. டிக்கெட்டில் இரண்டு நேரங்களையும் பார்த்துவிட்டு "மூன்றரை மணி நேரத்துலயே போயிருதே" என்று மகிழ்வோர் உண்டு. திரும்பும்போது அதே பயணம் டிக்கெட்டில் எட்டு மணி நேரம்போலத் தெரியும். பயந்துவிட வேண்டாம். உண்மையில் திரும்பும் பயணம் பெரும்பாலும் சற்றுக் குறைவான நேரமே எடுக்கும், ஏனென்றால் மேலே வீசும் காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியது.

மேற்கே போகும் விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறது. ஆகவே பகல் நீளும். மாலை விமானத்தில் மஃக்ரிபை ஊர் நேரப்படி கணக்கிட்டுத் தொழுதுவிடக் கூடாது. ஜன்னலில் சூரியன் தெரியும்வரை மஃக்ரிப் வரவில்லை. ஜித்தாவில் இறங்குவோர் மீக்காத்தைக் கடக்கும் முன்பே இஹ்ராமில் இருக்க வேண்டும் என்பதால் சென்னையிலேயே உடை மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு. விமானி அறிவிக்கும்போது பெட்டியைத் தேட முடியாது. முதலில் மதீனாவில் இறங்கும் விமானம் என்றால் இந்த அவசரம் இல்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'பயணத் தொலைவு' என்றொரு பேச்சே உண்டு. ஹனஃபி இமாம்கள் அதை மூன்று நாள் நடை என்றார்கள், ஷாஃபிஈ இமாம்கள் இரண்டு மர்ஹலா என்றார்கள். பிற்கால ஆலிம்கள் அதை 48 மைல், அதாவது சுமார் 77 கி.மீ என்றும், எண்பது கி.மீக்குச் சற்று மேல் என்றும் கணக்கிட்டுத் தந்தார்கள். இன்று அந்தத் தூரத்தை விமானம் ஐந்தாறு நிமிடத்தில் கடந்துவிடும், ஆனாலும் சட்டம் மாறவில்லை, கஸ்ரு உண்டு. மதராஸாவில் படித்த காலத்தில் இதை ஒரு கணக்காகத்தான் படித்தோம். ஆனால் அந்த இமாம்கள் தூரத்தை மைல் கல்லால் அளக்கவில்லை, மனிதனின் காலாலும் ஒட்டகத்தின் காலாலும் அளந்தார்கள் என்பது இந்தப் பெரியவரின் பேச்சைக் கேட்டபோதுதான் உறைத்தது. இன்று ஒருவரிடம் தூரத்தைக் கேட்டால் 'விமானத்தில் ஆறு மணி நேரம்' என்று சொல்லிவிட்டு, அவருடைய காலை மறந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் பம்பாய் வரை ரயிலில் போய், சாபு சித்தீக் முஸாஃபிர்கானாவில் நாள்கணக்கில் காத்திருந்து, கப்பலில் ஜித்தா போனவர்கள். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி சுமார் 2,300 நாட்டிக்கல் மைல். பழைய கப்பல்களில் இரண்டு வாரம்கூட ஆனது. அந்தக் கப்பல் சேவை 1995இல் நின்றது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய சிரமம் சிரமமா என்று கேட்பவர்கள் உண்டு. பொறுமையைப் பற்றிய பேச்சாக அது சரி. அரசிடமும் ஹஜ் கமிட்டியிடமும் என்ன கேட்பது என்ற பேச்சில் அதற்கு இடமில்லை.

இனி 2021ஆம் ஆண்டுக்கு வருவோம். கொரோனாவைக் காரணம் காட்டி நாட்டின் புறப்பாட்டு மையங்கள் 21லிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டன. சென்னை நீக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஹாஜிகள் கொச்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். தமிழகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சென்னையிலிருந்து கொச்சிக்குச் சுமார் 700 கி.மீ என்பது எல்லோரும் எடுத்து வைத்த நியாயமான வாதம். அந்தமான் ஹாஜிகள் கடலைத் தாண்டிச் சென்னை வந்து, அங்கிருந்து கொச்சி போவதா என்ற கேள்வியும் நியாயமே. ஆனாலும் 2022 ஹஜ்ஜுக்குக் கொச்சி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 2023இல் சென்னை திரும்பக் கிடைத்தது. அது சமுதாயத்தின் வெற்றி, சந்தேகமில்லை. நாமும் அன்று ஜும்ஆவில் அதைக் கேட்டுப் பேசியவர்தாம்.

ஆனால் அப்போது நாம் யாருமே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக நெடும்பாசேரி விமான நிலையம் சுமார் 300 கி.மீ. சென்னைக்குப் போகும் தூரத்தில் பாதி. கொச்சியிலிருந்து ஜித்தா சுமார் 4,160 கி.மீ, சென்னையைவிட முந்நூறு கி.மீக்கு அருகில் குறைவு. சென்னைக்காரர்களுக்கு அநீதியாக இருந்த ஓர் ஏற்பாடு, தென்கோடி மாவட்டங்களுக்குத் தற்செயலாக வசதியாக அமைந்துவிட்டிருந்தது. 'தமிழ்நாட்டு ஹாஜிகளுக்குச் சிரமம்' என்று ஒற்றை வாக்கியத்தில் பேசியபோது, அந்தத் தமிழ்நாட்டில் சங்கரன்கோவில் வட்டாரம் இல்லாமல் போய்விட்டது. 2022இல் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரை சவூதி அனுமதிக்கவில்லை என்பதால், இந்த வசதி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு அது பயன்படாமலே முடிந்தது.

அந்த ஆண்டு போய்வந்த நம் பகுதிக் குடும்பம் ஒன்றிடம் இப்போது விசாரித்தோம். காலையில் சுப்ஹு தொழுது காரில் கிளம்பி, வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி, அஸருக்கு முன் முகாமில் சேர்ந்துவிட்டார்களாம். "மலையாளம் புரியாதுன்னு பயந்தோம், அங்க இருந்த பிள்ளைங்க தமிழ்லயே பேசுனாங்க" என்றார்கள்.

அப்படியானால் மதுரையிலிருந்து விமானம் கேட்டால் என்ன? நம் மேடைகளில் அடிக்கடி எழும் கோரிக்கை இது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ராஜபாளையம் வழியாக மதுரை விமான நிலையம் நூறு கி.மீயை ஒட்டித்தான். 2012இல் கொழும்புக்கும், 2013இல் துபாய்க்கும் அங்கிருந்து விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து இரவு பகலாக இயங்குகிறது. துபாய்க்கு மதுரையிலிருந்தும் சுமார் 2,950 கி.மீ, சென்னையிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம்தான், பறக்கும் நேரம் நாலு மணி நேரம். ஆனால் சென்னையிலிருந்து துபாய்க்கு எத்தனை விமானம், மதுரையிலிருந்து எத்தனை என்பதை வளைகுடாவில் மகன் உள்ள ஒவ்வொரு வீடும் அறியும்.

காரணம் தூரம் அல்ல. இந்தியாவும் மற்ற நாடும் செய்துகொள்ளும் விமான ஒப்பந்தத்தில், வெளிநாட்டு விமான நிறுவனம் எந்தெந்த இந்திய ஊர்களில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் விற்கலாம் என்று எழுதியிருக்கும். துபாய்க்கு அந்த அளவு வாரத்துக்குச் சுமார் 66 ஆயிரம் இருக்கைகள், இரு தரப்புக்கும். எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் இறங்கக்கூடிய ஊர்ப் பட்டியலில் மதுரை இல்லை. இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் அவர்கள் லாபம் பார்த்துத்தான் விமானம் விடுவார்கள். நம் பிள்ளைகள் செங்கோட்டை மலைப்பாதையில் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுவதன் பின்னணியில் இதுவும் உண்டு.

ஹஜ் விமானத்தின் கணக்கு இதைவிடக் கடினம். சாதாரண விமானம் இரு பக்கமும் பயணிகளோடு பறக்கும். ஹஜ் தனி விமானம் போகும்போது நிரம்பிப் போய், வரும்போது காலியாக வரும். நாற்பது நாள் கழித்துக் காலியாகப் போய், நிரம்பி வரும். நாலு பயணத்தில் இரண்டுக்குத்தான் பயணிகள், நாலுக்கும் எரிபொருள். அந்தச் செலவு டிக்கெட்டில்தான் ஏறும். விமானம் பெரிதாக இருந்தால் முந்நூறு, நானூறு பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். சிறிதாக இருந்தால் நூற்றெழுபது, நூற்றெண்பது பேர் தலையில் விழும்.

இதற்குக் கண்ணெதிரே சாட்சி கோழிக்கோடு. கேரளத்தில் கோழிக்கோடு, கண்ணூர், கொச்சி என மூன்று புறப்பாட்டு மையங்கள். மூன்றிலிருந்தும் ஜித்தாவுக்குத் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2024 ஹஜ்ஜுக்கு முதலில் சொல்லப்பட்ட விமானக் கட்டணம் கோழிக்கோட்டுக்குச் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய், மற்ற இரண்டுக்கும் 90 ஆயிரத்துக்கும் குறைவு! பெரும் எதிர்ப்புக்குப் பின் கோழிக்கோட்டுக் கட்டணம் சுமார் 40 ஆயிரம் ரூபாய் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டும் வித்தியாசம் தீரவில்லை. மேட்டின்மேல் அமைந்த அந்த விமான நிலையத்தில், 2020 ஆகஸ்ட் 7 விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்கள் இறங்குவது நிறுத்தப்பட்டது. ஓடுபாதை 2,860 மீட்டர். சிறிய விமானங்கள் மட்டுமே போனதால் செலவு கூடியது. கோழிக்கோட்டைத் தேர்ந்தெடுத்த பலர் கண்ணூருக்கு மாறினார்கள். வீட்டு வாசலில் விமான நிலையம் இருந்தும் நூறு கி.மீ தள்ளிப் போய் ஏறினார்கள்.

இப்போது மதுரையைப் பாருங்கள். அங்கே ஓடுபாதை சுமார் 2,285 மீட்டர். கோழிக்கோட்டைவிடக் குறைவு. அதை 3,800 மீட்டராக நீட்டும் திட்டம் நிலம் கையகப்படுத்தல், சுற்றுச்சாலைக்குக் கீழ்ப்பாலம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓடுபாதை நீளாமல் மதுரையைப் புறப்பாட்டு மையமாக்கச் சொல்லி நாம் வெற்றி பெற்றால், அந்த வெற்றிக்கு ஹாஜிகள் தலைக்குப் பல்லாயிரம் ரூபாய் கட்ட நேரிடும். 'மதுரை வேண்டும்' என்று தீர்மானம் போடும் ஜமாஅத்துகள் அதில் 'ஓடுபாதையை விரைந்து நீட்ட வேண்டும்' என்பதை முதல் வரியாக எழுதட்டும். விமானக் கோரிக்கை இரண்டாம் வரியாக இருக்கட்டும்.

தூத்துக்குடியை நம்மவர் யாரும் பேசுவதில்லை. வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று பிரதமரால் திறக்கப்பட்டது. இரவிலும் விமானம் இறங்கலாம். ஓடுபாதை நீளத்தில் மதுரையை மிஞ்சிவிட்டது. ஆனால் அது உள்நாட்டு நிலையம். சுங்கமும் குடியேற்றச் சோதனையும் அங்கே இல்லை, நிறுத்துமிடமும் ஏ321 அளவு விமானங்களுக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. காயல்பட்டினமும் மேலப்பாளையமும் கடையநல்லூரும் ஒருசேரக் கேட்டால் இதற்கு ஒரு எடை இருக்கும். நம் கருத்தில், அடுத்த பத்தாண்டுக்கான கோரிக்கை என்றால் அது வாகைக்குளம்தான். மதுரைக்காரர்கள் நம்மீது கோபித்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்குப் பத்தாண்டு காத்திருக்க நேரமில்லை. அறுபத்தைந்து வயதைத் தாண்டியோருக்கும், மஹ்ரம் இல்லாமல் குழுவாகப் போகும் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கும் ஹஜ் கமிட்டி தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஹஜ் கடமையாவதற்கு 'ஸாத்', 'ராஹிலா' இரண்டையும் ஃபுகஹாக்கள் நிபந்தனையாக வைத்தார்கள், வழிச்செலவும் வாகனமும். அந்த வாகனம் நம் ஊர் எல்லையிலேயே தொடங்குகிறது.

ஆகவே இப்போதே செய்யக்கூடியதைச் சொல்கிறோம். ஹஜ் விண்ணப்பத்தில் புறப்பாட்டு மையத்துக்கு இரண்டு விருப்பங்கள் கேட்கப்படும். நம்மில் பெரும்பாலோர், அல்லது நமக்காகப் பூர்த்தி செய்யும் கம்ப்யூட்டர் சென்டர் தம்பி, யோசிக்காமல் முதலில் சென்னை என்று போட்டுவிடுகிறார். தென்காசி, கன்னியாகுமரி மாவட்டத்தினர் கொச்சியையும் எண்ணிப் பாருங்கள். புறப்பாட்டு மையத்தை மாற்றுவதால் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் உங்கள் இடம் போய்விடாது. தூத்துக்குடியிலிருந்து பாலக்காடு போகும் பாலருவி எக்ஸ்பிரஸ் தென்காசி வழியாகத்தான் போகிறது. ஆலுவாவில் இறங்கினால் விமான நிலையம் பக்கம். அந்த ரயில் தென்காசிக்கு நள்ளிரவுக்கு மேல்தான் வரும், அது ஒரு குறை. கார் என்றால் ஆரியங்காவு மலைப்பாதை, வாந்தி வருவோர் மாத்திரை வைத்துக்கொள்ள வேண்டும்.

கொச்சியில் இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து ஹாஜிகளுக்கு உதவியாக அனுப்பப்படும் பணியாளர்கள் பெரும்பாலும் சென்னைக் குழுக்களோடு இருப்பார்கள். மக்காவில் ஒரே கட்டடத்தில் ஊர்க்காரர்கள் பக்கத்து அறையில் இருக்கும் ஆறுதல் குறையலாம். தனியாகப் போகும் வயதான தம்பதிக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆகவே போவதென்றால் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து ஒரே விருப்பத்தைப் போடுவது நல்லது. கொச்சிக் கட்டணமும் சென்னைக் கட்டணமும் ஆண்டுக்காண்டு மாறும், அதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சென்னையிலிருந்தே போவோம் என்பவர்களுக்கு ஜமாஅத் செய்ய வேண்டியது வேறு. சென்னை விமான நிலையம் அருகே நங்கநல்லூரில் ஹஜ் இல்லம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. நல்ல செய்தி. அங்கே தங்கப்போகிறவர்களில் பெரும்பங்கு வெளியூர்க்காரர்களே. அவர்கள் அந்த வாசல்வரை வந்து சேர, ஹஜ் காலத்தில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஹாஜிகளுக்கென்று ஒரு பெட்டி, எழும்பூரிலிருந்து முகாமுக்கு ஒரு பேருந்து என்று கேட்பது ஒன்றும் பெரிய கோரிக்கை அல்ல. ஓடுபாதை நீட்ட ஆண்டுகள் ஆகும். ஒரு ரயில் பெட்டி சேர்க்க ஒரு உத்தரவு போதும். நம் வட்டார ஜமாஅத்துகள் இதை எழுதி, கையெழுத்து வாங்கி, தென்காசி எம்பியிடமும் மாநில ஹஜ் கமிட்டியிடமும் கொடுக்கலாம்.

போன வாரம் அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தோம். கணக்கையெல்லாம் சொன்னோம். முந்நூறு கி.மீ, அறுநூறு கி.மீ என்பதை அவர் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. "ராத்திரி ரயிலா, பகல் காரா, அதச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். பகலில் காரில் போகலாம், இடையில் இரண்டு இடத்தில் இறங்கி, தொழுது, இளைப்பாறிக்கொள்ளலாம் என்றோம். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா, "அங்க நம்ம ஆளுங்க இருப்பாங்களாண்ணு கேளுங்க" என்றார்கள். புளியங்குடியிலிருந்து இரண்டு குடும்பம் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னோம். அவர்களுடைய போன் நம்பரைக் கேட்டு, பேத்தியின் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.